கவ்வி

வவுனியாக் கடைக்காரர் முதலில் கேட்டது
"ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"
அடுத்துக் காட்டியது
ஆறடி அகலத்தில் சிவப்பாய் ஒன்று.
பிளந்த வாய், பளபளக்கும் பல்.

நான் இழுநாடாவை எடுத்தேன்.
என் மெசின் இருபத்தேழு குதிரை.
முன்கை தூக்குவது நானூறு கிலோ,
அதுவும் புத்தகத்தில்.
இந்தச் சிவப்பன் மட்டும் இருநூற்று அறுபது.
மிச்சத்தை அவரே கழித்துப் பார்க்கட்டும் என்று நின்றேன்.
தூக்குகிறவள்
தன் கையையும் சேர்த்துத்தான் தூக்கவேண்டும்.

மூலையில் சாம்பல் நிறத்தில் நாலடி.
தூசி படிந்தது, நூற்றிருபது கிலோ.
அடியில் தட்டுக் கிடையாது, பல்தான்,
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு சாண்.
"இடைவெளியால எல்லாம் கொட்டுப்படுமே" என்றார்.
கொட்டுப்படத்தான் வேணும்.
போன வருஷம் அருந்தவம் பெக்கோ பிடித்தார்.
பற்றை போனது. பற்றையோடு மேல்மண்ணும் போய்
காணி மூலையில் குவிந்து கிடக்கிறது.
அந்தக் குவியலில் இப்போது நல்லாய்ப் பூசணி காய்க்கிறது,
காணியில் கௌபி முளைக்கவில்லை.

மேல்தாடை ஒன்றா, இரண்டா?
ஒன்றென்றால் முப்பதாயிரம் குறைவு.
ஆனால் எந்த வேர்க்கட்டை இரண்டு பக்கமும் ஒரே மொத்தம்?
ஒற்றைத் தாடை தடித்த இடத்தில் முட்டி நின்றுவிடும்.
இரட்டையென்றால்
ஒன்று நின்ற பிறகும் மற்றது தன்பாட்டில் இறங்கி
மெலிந்ததைப் பிடிக்கும்.
சங்கக் கடனில் இன்னொரு முப்பது.
கையெழுத்து வைத்தேன்.

முதல் நாளே பின்சில்லு எழும்பியது.
ஒட்டுசுட்டான் மழையில் ஊறின பாலைக்கட்டை,
புத்தி கெட்டு நெஞ்சுயரம் தூக்கிவிட்டேன்.
இருக்கை முன்னால் சரிய
வயிற்றுக்குள் ஏதோ கழன்றது.
பிறகு எண்ணெய்ப் பீப்பாய்க்குள் மணலும் சீமெந்தும் நிரப்பி
பின்னால் கொழுவினேன்.
இப்போது சுமை முழங்காலுக்கு மேல் போவதில்லை,
திரும்பும்போது இன்னும் தாழ.
சூரைக்கொப்பு ஒன்று எண்ணெய்க்குழாயைக் கிழித்தது.
புவிராஜ் தகரம் வளைத்துக் கவசம் ஒட்டித் தந்தான்,
கூலி ஒரு பெட்டி விறகு.

மூன்றாம் கிழமை கை பழகிவிட்டது.
பல்லைச் சாய்த்து, உன்னிப்பற்றையின் அடியில் நுழைத்து,
உருட்டி, கவ்வி, ஒருதரம் உலுப்ப
மண் பொலபொலவென்று தன் இடத்துக்குத் திரும்பும்.
வேர் மட்டும் என்னோடு வரும்.

அப்படி வடக்குப் பக்கம் திறந்துகொண்டு போகையில்தான்
அந்தக் கிளுவைகள்.
ஒன்று. தள்ளி இன்னொன்று.
ஏழு.
காடு நேர்கோட்டில் முளைக்காது.
யாரோ நட்ட கதியால்.
நாங்கள் இல்லாத பதினெட்டு வருஷம்
வெட்ட ஆளில்லாமல் மரமாய்ப் போன வேலி.

அது என் பக்கம் பதின்மூன்றடி உள்ளே நின்றது.

காணிக்கந்தோரில் நானும் அருந்தவமும்
நாலு தவணை வரிசையில் நின்றிருக்கிறோம்.
அவர் சொன்னதும் இதைத்தான்.
நான் சிரித்ததும் இதுக்குத்தான்.

கவ்வி திறந்திருந்தது.
கிளுவைக்கு வேர் ஆழமில்லை. ஏழு தரம்,
ஒரு கால் மணித்தியாலம்.
பின்னேரம் குவித்து எரித்தால்
சாம்பலுக்கு வரிசை கிடையாது.

இறங்குமுன் கவ்வியை நிலத்தில் வை என்று
புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது.
வைத்தேன்.
எஞ்சினை நிறுத்தினேன்.
சூட்டு இரும்பு டிக், டிக்கென்று ஆறத் தொடங்கியது.
முதலாவது கிளுவையில் கை வைத்துப் பார்த்தேன்,
பட்டைக்குள் ஒரு முள்ளுக்கம்பி, பாதி விழுங்கினபடி.

"அருந்தவண்ணை, வீட்டிலயோ?
ஒருக்கால் வடக்குப் பக்கம் வாங்கோ."
"ஏன், பாம்போ?"
சாவிப்பெட்டிக்குள் இழுநாடாவைத் தேடிக்கொண்டே
"பாம்பெண்டால் உங்களை ஏன் கூப்பிடுறன்?" என்றேன்.